மூலைக் கொடியை நட்ட கை

உங்கள் முழங்கால்களெல்லாம் எப்படி இருக்கின்றன? என்னுடையவை இரண்டும் மழை வருவதற்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகின்றன. அறுபதைத் தாண்டிய நமக்குள் இதைவிட நல்ல நலவிசாரிப்பு கிடையாது, அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘ஹேண்ட்’ என்ற ஒரே சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் போட்டிருந்தது. கடிகாரத்து முள்ளும் ஹேண்டாம், மில்லில் வேலை செய்கிற ஆளும் ஹேண்டாம், சீட்டாட்டத்தில் கையில் வைத்திருக்கிற சீட்டும் ஹேண்டாம். இதேபோலத் தமிழில் கையை வைத்துப் பத்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்துதானா என்று கேட்டேன். கைகொடுப்பது, கைவிடுவது, கைகழுவுவது, கைநீளம், கைசுத்தம், கைநாட்டு, கைமாற்று, கைப்பக்குவம் என்று அடுக்கினேன். கை நனைப்பதைச் சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பினால் நம் பக்கத்தில் அது பகை என்று விளக்கினேன். ஒன்பது ஆகிவிட்டது, பத்தாவது வேண்டும் என்றாள். “கைராசி” என்றேன்.

“அப்படின்னா லக்கா ஆன்ட்டி?”

“லக்குதான், எழுதிக்கோ” என்றேன். எழுதிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குத்தான் அன்று சாயங்காலம் டி.வி.யில் என்ன ஓடியது என்றே தெரியவில்லை.

எனக்குப் பத்து வயது நடந்த வருசம் அது. பரமத்தி வேலூரில் ஆற்றை ஒட்டி எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் பங்கு. கொடிக்கால் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் வரிசையாக அகத்தி விதைப்பார்கள். அது இடுப்பளவு வளர்ந்ததும் அதன் அடியில் வெற்றிலைக் கொடியை வெட்டி நடுவார்கள். அகத்தியைப் பிடித்துக்கொண்டு கொடி மேலே ஏறும். உள்ளே நுழைந்தால் வெயில் காலத்திலும் உடம்பு சில்லென்று இருக்கும். ஈரமண்ணும் பச்சை வெற்றிலையும் சேர்ந்த ஒரு காரமான வாசனை, மூக்கில் ஏறி அடித்தொண்டையில் நிற்கும். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது வெற்றிலைக் கூடையோடு ஏறினால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். கெங்கவல்லிப் பக்கம் கட்டிக்கொடுத்து, நாலே வருசத்தில் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. இருபத்தாறு வயதில் வெள்ளைச் சேலையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். குறை இல்லை என்று இப்படி அடிக்கடி சொல்ல வேண்டியிருந்ததே, அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அத்தை வந்த இரண்டு வருசமும் ஐப்பசி அடைமழையில் கொடி அழுகிவிட்டது. வேரில் கறுப்புத் தட்டி, இலையெல்லாம் வெந்த மாதிரி தொங்கிற்று. பெரியப்பா ஒரு நாளும் நேராக எதையும் சொல்ல மாட்டார். வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, “எல்லாம் கை பட்ட நேரமுங்க” என்பார். யார் கை என்று யாரும் கேட்கவில்லை, அத்தை உட்பட. ஆனால் அந்தக் கைதான் கோரையால் கொடியைக் கட்டியது, கட்டைவிரலில் தகர நகம் மாட்டிக்கொண்டு இலை கிள்ளியது, கூடையைத் தலையில் ஏற்றியது. கட்டலாம், கிள்ளலாம், சுமக்கலாம். தொடங்க மட்டும் கூடாது.

மூன்றாம் வருசம் வேறு துண்டு நிலத்தில் புதிதாக நட்டார்கள். இந்தத் தடவை தொடங்கி வைக்கக் கன்னிப் பிள்ளை ஒன்று வேண்டும் என்றார் பெரியப்பா. வீட்டில் இருந்த ஒரே கன்னிப் பிள்ளை நான். எனக்கு ஒரே பெருமை. அதில் ஒரு சங்கடமும் இருந்தது. நான் நொட்டாங்கைக்காரி.

உங்களில் எத்தனை பேர் இடதுகைக்காரர்களோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் இடது கையில் பலப்பம் பிடித்தால் வாத்தியார் முட்டியில் ஸ்கேலை நிறுத்தி அடிப்பார். வீட்டில் இடது கை சோற்றுப் பக்கம் போனால் அம்மா கரண்டியால் தட்டுவாள். ஆக, எதற்கும் உதவாத ஒரு வலது கையை வைத்துக்கொண்டு நான் வளர்ந்துகொண்டிருந்தேன்.

நடுகிற அன்று காலையில் தலைக்கு ஊற்றி, பச்சைப் பாவாடை கட்டி, ஈசானி மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாணிப் பிள்ளையார், அருகம்புல், சூடம், தேங்காய் எல்லாம் இருந்தன. அத்தையை வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

“சோத்தாங்கையில நடு சாமி” என்றார் அப்பா.

விதைக்கொடியை வாங்கினேன். அரை முழம் இருக்கும், வழவழவென்று இருந்தது. குழியில் வைத்து வலது கையால் மண்ணைத் தள்ளி அமுக்கினேன். பழக்கமில்லாத கை, எவ்வளவு அமுக்குகிறோம் என்று அதற்கே தெரியவில்லை. மண்ணுக்குள் கணு ‘டக்’ என்று ஒடிந்தது. வெளியே கொடி நேராகத்தான் நின்றது. எல்லாரும் சூடத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது வரப்புக்கு அப்பால் நின்ற அத்தை மட்டும்தான்.

மத்தியானம் ஆட்கள் எல்லாரும் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் அகத்தி வரிசைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அத்தை தேடிக்கொண்டு வந்தாள்.

“ஏஞ் சாமி, என்னாச்சு?”

“ஒடிஞ்சு போச்சு அத்தை. உள்ள ஒடிஞ்சு போச்சு. கொடியெல்லாம் செத்துப் போயிரும். பெரியப்பா என்னையக் கொன்னு போட்டுருவாரு.”

“ஒரு கொடி ஒடிஞ்சா ஊரே முழுகிப் போயிருமா? கண்ணைத் தொடை.” விதைக்கொடிக் கட்டிலிருந்து வேறொன்றை உருவி என்னிடம் நீட்டினாள். “இந்தா, நீயே நடு. நொட்டாங்கையில நடு. இங்க ஆரு பாக்கறாங்க?”

நான் மாட்டவே மாட்டேன் என்று இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டேன். அவ்வளவு பயம். அத்தை இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஈசானி மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒடிந்ததைப் பிடுங்கி எறிந்தாள். புதியதை வைத்து, வளையல் இல்லாத அந்தக் கையால் மண்ணைச் சுற்றிச் சுற்றி அமுக்கினாள். கையில் ஒட்டிய சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டே, “ஆருகிட்டயும் சொல்லாத. எனக்காகத்தான் சொல்றேன்” என்றாள்.

அந்த வருசம் கொடி வந்தது பாருங்கள், அப்பாடி! இருபது நாளில் துளிர் விட்டது. கார்த்திகையில் அகத்தியின் தோளைப் பிடித்தது. ஒவ்வோர் இலையும் அப்பாவின் உள்ளங்கை அகலம். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, “பாப்பா கை ராசிக்கை” என்று.

அப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். பெரியம்மா கோழியை அடை வைக்க என்னைக் கூப்பிட்டாள். பதினோரு முட்டையையும் என் கையாலேயே எடுத்து வைத்தேன், ஒன்பது பொரித்தது. மூன்றாம் வீட்டுக்காரர் நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து, புது லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவள் நான். பெயின்ட் வாசனையோடு அந்த லாரி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தபோது என்னவோ நானே அதைத் தள்ளிவிட்டது போல இருந்தது. டீக்கடைக்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னை நிறுத்துவார். முதல் போணி நான்தான். பத்துப் பைசாவை அவரே என் கையில் கொடுத்து, அதையே திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு பன்னும் தருவார். இப்படி ஒரு வியாபாரத்தை அப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? சாணி அள்ள மாட்டேன், பாத்திரம் தேய்க்க மாட்டேன் என்று ஆரம்பித்தேன். “ஏன், ராசிக்கை சாணியத் தொட்டா கரைஞ்சு போயிருமா?” என்று அம்மா கத்துவாள். அத்தை மட்டும் சிரித்துக்கொண்டே என் பங்குச் சாணியையும் அள்ளுவாள். சாயங்காலம் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவாள். “ராசிக்காரியம்மா, கையக் காட்டுங்க, எண்ணெ தேச்சு உடறேன்” என்பாள். கேலிதான். ஆனாலும் தேய்ப்பாள், இரண்டு கைகளுக்கும். இடது கைக்குக் கொஞ்சம் கூடவே தேய்ப்பாள். நானும் வெட்கமில்லாமல் நீட்டிக்கொண்டு இருந்தேன். நட்டது யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போகப் போக எனக்கே நான்தான் நட்டேனோ என்று தோன்ற ஆரம்பித்தது.

பொங்கல் கழிந்த வாரம் அத்தையின் கொழுந்தனார் கெங்கவல்லியிலிருந்து வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்பப் பணிவாகப் பேசினார். அவர் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம், மாடு கன்றைப் பார்க்க ஆள் இல்லையாம். “அண்ணி நம்ம வீட்டு மனுசிதானே, வந்து இருக்கட்டும்” என்றார். எங்கள் ஊரில் எல்லாரும் ‘ஊடு’ என்போம். அவர் ‘வீடு’ என்று அழுத்திச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அத்தைக்கு வேடிக்கையாக இல்லை. அன்றைக்கு அடுப்படியில் அம்மாவிடம் அவள் சொன்னதைக் கேட்டேன். “அங்க எனக்குப் பேரே இல்லீங்க அண்ணி. ‘ஏய்’தான். மாட்டுச் சாளையிலதான் படுக்கை. ஒரு மூலையில நான் பாட்டுக்கு இருந்துக்கறேன், அண்ணங்கிட்டச் சொல்லுங்க, என்னைய அனுப்ப வேண்டாமுன்னு.” அம்மா உப்பைக் கிள்ளிக் குழம்பில் போட்டுவிட்டு, “நான் சொன்னா உங்கண்ணன் கேப்பாரா அம்மிணி?” என்றாள். ஆனால் அம்மா கேட்டுத்தான் பார்த்தாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அத்தை போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் வாசலில் கட்டிலைப் போட்டுப் பேசினார்கள். பெரியப்பா முதல்தடவையாக நேராகவே பேசினார். “ஏனுங்க, ரெண்டு வருசம் அழுகிப் போச்சா? இந்த வருசம் அம்மிணிய அந்த மூலைப் பக்கமே உடல. பாப்பா நட்டுச்சு. இப்பப் போயிப் பாருங்க, கண்ணு பட்டுரும். இதுக்கு மேல நான் என்ன சொல்லோணும்?”

கொழுந்தனார் தலையை ஆட்டினார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

இன்றைக்கும் சொல்கிறேன், என் ஆயுசில் நான் செய்த தைரியமான காரியம் அது ஒன்றுதான். போய் நடுவில் நின்றேன்.

“நான் நடலீங்க பெரியப்பா. நான் நட்டது ஒடிஞ்சு போச்சு. அத்தைதான் வேற கொடி நட்டுச்சு. அந்த மூலைக் கொடி அத்தை நட்டது.”

பெரியப்பா சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை, ரொம்ப அன்பான சிரிப்பு. என்னை இழுத்துத் தொடையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். “பாத்தீங்களா, அத்தை மேல புள்ளைக்கு எம்புட்டுப் பாசமுன்னு! அவளை அனுப்பக் கூடாதுன்னு எப்படிக் கதை கட்டுது பாருங்க.” கொழுந்தனாரும் சிரித்தார். “கெட்டிக்காரப் புள்ளை” என்றார்.

“கதை இல்லீங்க! சாமி சத்தியமா! அத்தையவே கேளுங்க!”

அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். “அம்மிணி, நெசமா? நீ அந்தக் கொடியத் தொட்டியா?”

அத்தை வெளியே வந்தாள். என்னைத்தான் பார்த்தாள், நெடுநேரம். நான் தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினேன், சொல்லு, சொல்லு என்று. அவள் அப்பாவிடம் திரும்பி, “இல்லீங்கண்ணா. நான் அங்க போகவே இல்ல. புள்ளை என் மேல இருக்கற ஆசையில சொல்லுது” என்றாள். பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, “நாளைக்கு வாரேனுங்க. பெட்டி கட்டோணும்” என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது. அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், “பொய் சொன்னா நாக்கு அழுகிப் போயிரும்” என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. அத்தை ஆமாம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கொடியைப் பிடுங்கியிருப்பார்கள். அதோடு நின்றிருக்காது. பாப்பா வைத்தது ஒடிந்தது என்ற பேச்சு கோழிக் கூட்டுக்கும் லாரிக்கும் டீக்கடைக்கும் போயிருக்கும். ஒரு பெண்ணின் கைக்கு ராசியில்லை என்று ஊர் சொன்னால் அந்தப் பேச்சு கல்யாணப் பந்தல் வரை வரும், அதற்கப்புறமும் போகாது. அது அத்தைக்குத் தெரியாதா? அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அப்பாவும் “நெசமா” என்று கேட்ட குரலில் இல்லை என்ற பதிலைத்தான் கெஞ்சிக் கேட்டார். தங்கை மேல் அவருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அண்ணன் முன்னால் பேச வாய் வராத மனிதர். அத்தை அவருக்கும் அந்த உதவியைச் செய்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருசம் ஐப்பசி மழை குறைவு, கொடி பிழைத்ததற்குக் காரணம் அதுதான். இரண்டு வருசம் கழித்து மழை பிடித்துக்கொண்டது, கொடி மறுபடி அழுகியது. அப்போது வீட்டில் அத்தை இல்லை, அதனால் எல்லாரும் சேர்ந்து மழையைத் திட்டினார்கள். அத்தை கெங்கவல்லியில் பதினெட்டு வருசம் மாடு பார்த்தாள். பொங்கல் சீர் கொண்டுபோகும் அப்பா ஒவ்வொரு தடவையும் பேச்சில்லாமல் திரும்பி வருவார். என் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வைத்தார்கள். அவள் வரவில்லை, வந்தால் எங்கே நிற்க வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு நல்ல இடம் அமைந்தது. ராசிக்காரப் பெண் என்று சொல்லித்தான் கட்டினார்கள்.

ஆனால் இந்த விளக்கமெல்லாம் இன்றைக்கு வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அத்தை என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். அத்தனை பேர் முன்னால், சாமி சத்தியம் போட்ட பிறகு. அவளுக்காக நான் என் பேரையே விட்டுக்கொடுத்தேன், அவள் அதை எல்லார் கண்ணுக்கும் முன்னால் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கோபத்தில் எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. காலையில் தலை பின்னிவிட அவள் சீப்போடு வந்தாள். நான் எழுந்து அம்மாவிடம் போய்விட்டேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன், அப்பா கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். நாமக்கல் பஸ் புகையை விட்டுக்கொண்டு நின்றது. தகரப் பெட்டியைக் கொழுந்தனார் மேலே ஏற்றினார். அத்தை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் பூக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சாமி” என்றாள்.

நான் திரும்பவில்லை.

“ராசிக்காரியம்மா, கோவமா? போறப்ப ஒருக்காத் தொட்டுட்டுப் போறேன், கையக் குடு சாமி.”

ஜன்னல் கம்பிக்கு நடுவில் கையை முழங்கை வரை வெளியே நீட்டினாள். நகத்தைச் சுற்றி வெற்றிலைக் கறை இருந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது, அவள் கையை உள்ளே எடுக்கவில்லை. “குடு சாமி, போயி ஒருக்காக் குடு” என்று அப்பா என் முதுகில் தட்டினார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் திரும்பும் வரை அப்படியே நின்றேன்.